கீழே விழுந்தால் எடுக்கக் கூடாது

என் அண்ணன் வெஸ்ஸலுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஹைல்ப்ரோன் வட்டாரத்தில் யாரிடம் விசாரித்தாலும் இதைச் சொல்வார்கள். நரி என்று நினைத்துப் பக்கத்துப் பண்ணைக்காரரின் நாயைச் சுட்டுவிட்டு, மறுநாள் காலையில் ஒரு கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் கட்டிவிட்டு வந்தவன் அவன். ஒரு வார்த்தை பேசவில்லை. கன்றுக்குட்டி பேசிக்கொள்ளும் என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது. அப்படிப்பட்டவன் அறுபதை நெருங்குகிற வயதில் ஒருநாள் என் முடிதிருத்தும் கடைக்குள் தொப்பியைக் கூடக் கழற்றாமல் வந்து நின்று, ஓடிக்கொண்டே துப்பாக்கி சுடுகிற என் விளையாட்டைத் தனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னால் நான் என்ன நினைப்பேன்? நாற்காலியில் இருந்த அம்மாளின் தலையில் சாயத்தை அப்பிக்கொண்டே, குடித்திருக்கிறாயா என்று கேட்டேன்.

குடித்திருக்கவில்லை. இல்சே அயர்லாந்தில் ஒரு பால் பண்ணை வேலைக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி அவன் காதுக்கு வந்திருந்தது.

இல்சே அவனுடைய மகள். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பண்ணையின் பால் கொட்டகையைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். புல்லெல்லாம் உறைபனியில் மொடமொடத்துக் கிடக்கிற ஜூன் மாதக் குளிர்காலக் காலைகளில், கறவை இயந்திரத்தின் குழாய்களை வெந்நீர் ஊற்றி இளக்கி, மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விடுவாள். எந்த மாடு எந்தக் காம்பில் பால் குறைத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. ஆனாலும் பண்ணை யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில், அத்தனை பேர் முன்னாலும், பண்ணை பையனுக்குத்தான் போகவேண்டும், நீல்ஸுக்குத்தான் என்று அவன் சொல்லிவிட்டான். எங்கள் காலத்தில் எங்கள் அப்பாவும் அதே மேசையில் அதையேதான் சொன்னார், பெண்ணுக்கு இல்லை, பையனுக்குத்தான் என்று. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கைத் தின்றேன். இல்சே அப்படிப்பட்டவள் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள் புளூம்ஃபொன்டைனில் ஒரு பால் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டாள்.

அந்த நீல்ஸ் மகாராஜா என்ன செய்தார்? நியூசிலாந்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே வீடு வாங்கிவிட்டார். திரும்பி வரமாட்டேன், நிலத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அப்பனுக்கு போனில் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் முன்னால் இருந்திருந்தால் கத்தரிக்கோலோடு போயிருப்பேன்.

இல்சே சனிக்கிழமைகளில் என்னிடம் வருவாள். நான் எங்கள் துப்பாக்கி கிளப்பில் பல வருடமாக ரேஞ்ச் ஆபீசர்; சுடுகிற இடத்தில் உத்தரவு கொடுப்பதும் பாதுகாப்பைப் பார்ப்பதும் என் வேலை. சும்மா வா என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் கையில் பிஸ்டல் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டே வருடத்தில் இந்த மாகாணத்துப் பெண்களில் அவளை முந்த ஆள் இல்லை. ஆண்களிலும் விரல் விட்டு எண்ணலாம். அப்பனும் மகளும் மாதம் ஒருமுறை போனில் பேசிக்கொள்வார்கள். மழை பெய்ததா என்று அவள் கேட்பாள். பெய்தது, அல்லது பெய்யவில்லை என்று அவன் சொல்வான். அதோடு சரி.

இப்போது அவனுக்கு அவளிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருந்தது: பண்ணை உன்னுடையது, வந்துவிடு. இதைச் சொல்லத்தான் துப்பாக்கி விளையாட்டு. போனில் சொல்லேன் என்றேன். போனில் நிலம் கொடுப்பவன் உண்டா என்றான். அவள் வீட்டுக்குப் போ என்றேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்றான். தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் அவன் யோசனைதான் சரியாகப் பட்டது. அவள் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் கிளப்பில் மேட்ச். ஒரே குழுவில் இருந்தால் காலையிலிருந்து மாலைவரை களம் களமாக ஒன்றாகவே நகர வேண்டும். அவளும் எங்கும் ஓடிவிட முடியாது. மாலையில் கறி சுடுகிற பிராய் நெருப்பைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போது ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் புதிதாக வருகிறவனை எடுத்த எடுப்பில் மேட்சில் விடமாட்டார்கள். பயிற்சி முடித்து, பாதுகாப்பானவன் என்று ஒரு ரேஞ்ச் ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆபீசர் நான்தான்.

பயிற்சி முதல் நாளே கூத்தாகிவிட்டது. அண்ணன் வேட்டைக்காரன். மானைப் பார்த்தால் மண்ணோடு மண்ணாகப் படுத்து, மூச்சை அடக்கி, ஒரே தோட்டாவில் சாய்ப்பவன். எங்கள் விளையாட்டில் டைமர் பீப் அடித்ததும் உறையிலிருந்து எடுத்து, ஓடி, திரும்பி, ஒவ்வொரு இலக்கு அட்டையிலும் இரண்டு தோட்டா போட வேண்டும். கிடைத்த புள்ளியை ஆன நேரத்தால் வகுப்பார்கள். பீப் அடித்தது. அண்ணன் பிஸ்டலை எடுத்தான், எடுத்தான், எடுத்துக்கொண்டே இருந்தான். முதல் அட்டைக்கு நட்டநடுவில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு, எப்படிப் பட்டிருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். இன்னொன்று போட வேண்டும் என்று நான் கத்தினால், எதற்கு, முதலிலேயே செத்துவிட்டதே என்கிறான். டிராக்டர் மெக்கானிக் ருவான் அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"மாமா, நீங்க சுடுறதுக்குள்ள மான் லெசோத்தோ போயி செட்டிலாயிடுச்சு" என்றான்.

அண்ணனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். பால் கொட்டகைச் சுவரில் அட்டைகளை ஒட்டிவைத்து, மாடுகள் அசைபோட்டுக்கொண்டு பார்க்க, காலித் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து எடுத்துப் பழகினான். ஒருநாள் நான் போனபோது முழங்காலில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன ஆயிற்று என்றதற்கு, இரண்டாவது ஜன்னலுக்கு ஓடும்போது பிடித்துக்கொண்டது என்றான். அந்தக் கொட்டகையில் ஜன்னலே கிடையாது. எங்கள் களத்தில் சுடுவதற்கென்று நட்டு வைக்கிற ஜன்னலை மனதுக்குள் கட்டி வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் ஒரு வாக்கியம் சொல்வதற்கு எவ்வளவு தூரம் ஓடவேண்டியிருக்கிறது.

விதிகள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். ஓடும்போது விரல் விசையைத் தொடக் கூடாது. குழல் எப்போதும் இலக்குகளுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். உன் முறை வரும்வரை துப்பாக்கி காலியாக உறையில் இருக்கும், தொடவே கூடாது. உறையின் பூட்டைப் போட்டு வைக்க வேண்டும். இதையெல்லாம் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டான். கீழே விழுந்தால் எடுக்கக் கூடாது என்றபோதுதான் முரண்டு பிடித்தான். காலித் துப்பாக்கி விழுந்தால் அது குற்றமில்லை. விழுந்ததை நீயே எடுத்தால்தான் குற்றம். அப்படியே நின்று கையைத் தூக்க வேண்டும். ஆபீசர் வந்து எடுத்து, சோதித்து, உறையில் வைப்பார். எடுத்துவிட்டால் அன்றைக்கு உன் ஆட்டம் அதோடு முடிந்தது.

"மண்ணுல கெடக்குற துப்பாக்கிய வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றான். "அப்பா இருந்தா தோலை உரிச்சிருப்பார்."

அது உண்மைதான். எங்கள் வீட்டில் ரொட்டி கீழே விழுந்தால்கூடச் சும்மா விடுவார் அப்பா, துப்பாக்கி மண்ணைத் தொட்டால் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். விழுந்த நொடியில் எடுத்துத் துடைத்துவிட வேண்டும். அண்ணனின் கை அப்படி வளர்ந்த கை. அதனால் அதற்கென்றே தனியாகப் பயிற்சி வைத்தேன். என் பழைய பிஸ்டலைக் காலி செய்து, பேசிக்கொண்டே இருக்கும்போது பொத்தென்று கீழே போடுவேன். ஒவ்வொரு தடவையும் அவன் கை துடிக்கும். பிறகு இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். கடைசியில் பழகிவிட்டான் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

மேட்ச் அன்று நல்ல பனி. குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். எங்கள் குழுவுக்கு இல்சேதான் ரேஞ்ச் ஆபீசர். அண்ணன் பிக்கப்பிலிருந்து இறங்கி, இடுப்பில் புது பெல்ட்டோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நடந்து வந்தான். வாங்கப்பா என்றாள் அவள். ம் என்றான் இவன். பனி ஜாஸ்தி என்றாள். ஆமா என்றான். இரண்டு பேர் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதலாமா என்று எனக்கு இருந்தது.

ஆனால் முதல் களம் ஆரம்பித்ததும் ஏதோ மாறியது. சுடுவதற்கு முன் எல்லோரும் வெறும் கையோடு களத்தில் நடந்து பார்ப்போம். விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, இங்கே இரண்டு, அங்கே இரண்டு, இங்கே மேகசின் மாற்று என்று. புதிதாகப் பார்க்கிறவர்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் நினைப்பார்கள். அண்ணனும் விரலை நீட்டிக்கொண்டு வெட்கத்தோடு நடந்தான். இல்சே ஓரமாக நின்று பார்த்தாள். அவன் முறை வந்தபோது டைமரைப் பிடித்துக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் நின்றவள் அவள்தான். தயாரா, ஸ்டாண்ட் பை என்றாள். குரல் எப்போதும்போல உறுதியாக இருந்தது. ஆனால் டைமரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அண்ணன் மெதுவாகத்தான் ஓடினான். ஆனால் ஒரு தோட்டா வீணாகவில்லை. அத்தனையும் நடுவில் என்று அவள் புள்ளி சொன்னபோது ருவான் கைதட்டினான்.

இரண்டாவது களத்தில் அவளாகவே அவனிடம் போனாள். ஜன்னலுக்குத் திரும்பும்போது இடது காலை முன்னால் வைத்தால் லேசாக இருக்கும் என்று காட்டிக்கொடுத்தாள். மழையைத் தவிர வேறொன்றைப் பற்றி அவள் அப்பனிடம் பேசி எத்தனை காலம் ஆகிவிட்டது! அண்ணன் என்னிடம் வந்து, அவள் காலைப் பற்றிச் சொன்னாள் என்று சொன்னான். ஏதோ பதக்கம் வாங்கியவன் முகம். மதியம் அவள் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் ரஸ்க்கை முக்கி முக்கித் தின்றார்கள். எந்த மாடு சினையாக இருக்கிறது என்று அவள் கேட்டாள், அவன் சொன்னான். நான் வேண்டுமென்றே பத்தடி தள்ளிப் போய் மேகசின்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது களத்துக்குப் போகும் வழியில் அண்ணன் என் தோளைத் தட்டினான்.

"சாயங்காலம் சொல்லிடுவேன், தெர்சியா. 'பண்ணை உன்னோடது, வந்துடு.' இப்படியே சொன்னா போதும்ல?"

போதும், கூட ஒரு வார்த்தை பேசிக் கெடுத்துவிடாதே என்றேன். அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பழகிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது களத்தில் இரும்புத் தட்டுகள். சுட்டால் பின்னால் சாயும். ஒவ்வொருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் போய் நிமிர்த்தி வைக்க வேண்டும், அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ருவான் சுட்டு முடித்திருந்தான். அடுத்து நான், எனக்கு அடுத்து இல்சே. பெரிய தட்டு கனமானது. எனக்கு நன்றாக நிற்கட்டும் என்று அண்ணன் தானே போய்க் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினான். உறையின் பூட்டை அவன் போட்டிருக்கவில்லை. அந்தச் சின்ன நெம்புகோல் அவன் தடித்த விரலுக்கு எப்போதுமே எரிச்சல். தட்டு நிமிர்ந்தது, பிஸ்டல் நழுவிச் செம்மண்ணில் விழுந்தது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. குனிந்தான், எடுத்தான், சட்டை நுனியால் மண்ணைத் துடைத்தான், உறையில் வைத்தான். அவ்வளவு பதவிசாக, அவ்வளவு பிரியமாக. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கினான். எதிரே இல்சே நின்றிருந்தாள்.

"அப்பா, கையை எடுங்க. மண்மேட்டைப் பாத்துத் திரும்புங்க."

அவன் திரும்பினான். அவள் சொல்லச் சொல்ல, பிஸ்டலை எடுத்து, காலிதான் என்று காட்டி, பையில் வைத்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்களுக்கு மேட்ச் முடிஞ்சுதுப்பா."

"குண்டு போடல, இல்சே. காலிதான்."

"தெரியும்ப்பா. எடுத்தீங்களே."

"நியாயந்தான்" என்றான் அண்ணன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டான்.

அவள் செய்தது சரி. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், தெய்வமே இறங்கி வந்து சுட்டாலும் அதேதான். அப்பன் என்று பார்த்து விட்டுவிட்டால் அடுத்த மாதம் யாராவது நிரப்பிய துப்பாக்கியைத் தரையிலிருந்து அள்ளுவார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வயிறெரிச்சல் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான். அடுத்த முறை என்னுடையது. கோட்டில் நிற்கிறேன், நிரப்பு என்ற உத்தரவு வந்துவிட்டது, கையில் தோட்டா நிறைந்த துப்பாக்கி. காதை அடைத்திருந்த மூடிகளுக்கு உள்ளேயும் அந்த டீசல் வண்டி கிளம்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாது. அந்தக் களத்தில் பாதித் தட்டைக்கூட நான் விழவைக்கவில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டவர் வீட்டுக்குப் போவதில்லை. துப்பாக்கியை வண்டியில் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து, மாலைவரை குழுவோடேயே இருந்து, மற்றவர்களுக்காக ஸ்டிக்கர் ஒட்டுவார், தட்டு நிமிர்த்துவார். மாலையில் நெருப்புக்குப் பக்கத்தில் கறிச்சுருளைத் திருப்பிப்போடுகிற இடுக்கியை அவர் கையில்தான் கொடுப்போம். அப்போது ஒவ்வொருத்தரும் தான் எப்போது, எப்படி மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் ஒருகாலத்தில் குழலைத் தோளுக்குப் பின்னால் திருப்பியதற்காக நீக்கப்பட்டு, ஓரத்துத் தகர டிரம்களுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திவிட்டு, நாள் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியவள்தான். அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கூட்டத்தில் ஒருத்தியானேன் என்று பட்டது. நீக்கப்பட்ட பிறகு ஒருவர் நின்றால், எனக்கு உங்கள் மேல் வருத்தமில்லை என்று அர்த்தம். போய்விட்டால், உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். அண்ணன் வந்த பயிற்சிகளில் யாரும் நீக்கப்படவில்லை. அதனால் அவன் பார்த்ததில்லை.

நான் சுட்டு முடித்துத் துப்பாக்கியை உறையில் வைத்ததும் இல்சே என்னிடம் வந்தாள். கையில் இரண்டு ஸ்டிக்கர்ச் சுருள்கள்.

"அப்பா எங்க அத்தை?"

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது என்றேன். வழி நெடுகப் புழுதி இன்னும் அடங்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். ஒரு சுருளைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டாள். கோபம் வந்தால் அவர் போய்விடுவார், தனக்குத் தெரியாதா என்று சொன்னாள். அவனுக்கு விஷயம் தெரியாதடி என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிற்கவில்லை. அடுத்தது அவள் முறை. போய்ச் சுட்டாள். அப்படிச் சுட்டு நான் பார்த்ததில்லை. தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மேட்சில் முதல் இடம் அவளுக்குத்தான். பரிசு கொடுத்து முடிப்பதற்குள் காரில் ஏறிவிட்டாள். நெருப்புப் பக்கம் வரவே இல்லை. கண்ணாடியை இறக்கி என் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, அயர்லாந்து போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

நான் நேராகப் பண்ணைக்குப் போனேன். அண்ணன் கறவையை முடித்துவிட்டு, கொட்டகைப் படியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். வந்த கோபத்தில் என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். முட்டாள், மரமண்டை, ஒரு நாள் ஒரே ஒரு நாள் நிற்கத் தெரியாதா என்று கேட்டேன். அவன் புரியாமல் பார்த்தான். வழக்கத்தைச் சொன்னேன். ஸ்டிக்கர்ச் சுருளைச் சொன்னேன். அவன் கையில் இருந்த பூட்ஸ் அப்படியே நின்றது.

"முடிஞ்சுதுன்னு அவ வாயால சொன்னா, தெர்சியா" என்றான். "எல்லார் முன்னாலயும் சொன்னா. நானும் ஒருநாள் எல்லார் முன்னாலயும்தானே அவளுக்குச் சொன்னேன். எனக்கு வேண்டியதுதான்னு நெனச்சேன். அதான் வாங்கிக்கிட்டு வந்துட்டேன்."

அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தண்டனையைத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டிருக்கிறான். அதுவும் தப்பாகப் போய்விட்டது.

இல்சேவுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுநாள் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்துக்கு வண்டியை எடு, நானும் வருகிறேன் என்றேன். அவன் மாட்டேன் என்றான். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிற பிள்ளையை வழிமறித்து, இந்தா நிலம் என்று நீட்டினால் அது பேரம் பேசுகிற மாதிரி இருக்கும், போகிற காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும் என்றான். நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். கல்லில் முட்டிய மாதிரிதான். அவன் சொன்னதிலும் ஒரு கண்ணியம் இருந்தது என்பதுதான் என்னை இன்னும் பொசுக்குகிறது. அவள் போய்விட்டாள்.

அடுத்த மாத மேட்சுக்கு அண்ணன் வந்தான். துப்பாக்கி கொண்டுவரவில்லை. பெயரும் கொடுக்கவில்லை. நேராக என்னிடம் வந்து ஸ்டிக்கர்ச் சுருளைக் கேட்டான். காலைப் பனியிலிருந்து மாலைவரை, களம் களமாக, குழுவோடு நடந்து ஒட்டினான். முழங்கால் வலியோடு கனமான தட்டுகளை நிமிர்த்தினான். எதற்கு மாமா இந்த வேலை என்று யாரோ கேட்டதற்கு, போன தடவை பாக்கி என்றான். ருவான் மட்டும் எதையும் கேட்கவில்லை. மாலையில் நெருப்பு எரிந்து தணலானதும், இடுக்கியை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தான். எல்லோரும் தங்கள் தங்கள் மானக்கேட்டைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ருவான் கழிப்பறையில் பெல்ட்டைக் கழற்றியபோது பிஸ்டலைக் கீழே போட்ட கதைக்கு அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். சோளக்களிப் பானையைக் கிளறிக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் என் போன் அடித்தது. இல்சே. மேட்ச் எப்படிப் போனது, யார் ஜெயித்தது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். நான் நேரடியாகச் சொல்லிவிட்டேன்: உன் அப்பா இங்கே இருக்கிறார், காலையிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டினார், இந்த வழக்கம் அவருக்கு அன்றைக்குத் தெரியாது, நீ போகச் சொல்லிவிட்டாய் என்று நினைத்துத்தான் போனார். அந்தப் பக்கம் எங்கோ மாடு கத்தியது; யாருடைய மாடோ. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அவன் இடுக்கியைக் கீழே வைக்காமலே பேசினான்.

"இல்சே. பண்ணை உன்னோடதும்மா. அன்னைக்கு நெருப்புக்கிட்ட வச்சு அதச் சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும்ப்பா" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "நீங்க மேட்சுக்குப் பேர் கொடுத்திருக்கீங்கன்னதும், எப்படியும் சொல்லிடுவீங்கன்னுதான் நானும் வந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் பெட்டியே கட்டலப்பா."

வேலை எப்படி, குளிர் தாங்குகிறதா என்று அண்ணன் கேட்டான். இங்கே ரெண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று அவள் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றான். மழை பெய்ததா என்று அவள் கேட்டாள். இன்னும் இல்லை என்றான். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கறியைத் திருப்பப் போனான். அது ஒரு பக்கம் கருகிவிட்டிருந்தது, ஆனால் யாரும் எதுவும் சொல்லாமல் வாங்கித் தின்றார்கள்.